வேலைக்கு வந்த பையன்களுக்குத் தனி கிளாஸ்: வீட்டில் எங்கிருந்து தொடங்குவது?

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கத்திலிருந்து ஒரு பெண் கேட்டிருக்கிறார். அவருக்குப் பெங்களூரில் வேலை. ஊர் வீட்டில் மாடி எடுக்கிறார்கள். வேலைக்கு வந்திருப்பது மேற்கு வங்காளம், அஸ்ஸாம் பையன்கள். அவர்களுக்குச் சாயா கொடுக்கத் தனி கிளாஸ், வெளியே தண்ணீர்த் தொட்டி விளிம்பில் கவிழ்த்து வைத்திருக்கும். வெளிப்பக்கம் ஒரு கக்கூஸ் சும்மா பூட்டிக் கிடக்கிறது. அப்பா அவர்களை ரப்பர் விளைக்கு, அதாவது தோட்டத்துக்கு, போகச் சொல்கிறார். மஸ்கட்டில் இருக்கும் தம்பி ஆப்பிரிக்கர்களைக் கேலி செய்யும் வீடியோக்களைக் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் போடுகிறான். ஒன்றுக்கு இவரும் சிரித்திருக்கிறார். கடைசியில் ஐந்து வயது மகள், "அந்த அழுக்கு மாமா தொட்ட பிஸ்கட் எனக்கு வேண்டாம்" என்றதும்தான் உறைத்ததாம். "எனக்குள்ளும் இது இருக்கிறது. என்னை எப்படி மாற்றிக்கொள்வது, அப்பாவிடம் எப்படிப் பேசுவது?" என்பது அவர் கேள்வி.

கல்லூரியில் சமூகவியல் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன்: பேச்சிலிருந்து தொடங்காதீர்கள். முதலில் கக்கூஸைத் திறந்து விடுங்கள். ஒரு வாளி, ஒரு மக், சோப்பு, உள்ளே போடக் கொண்டி. அடுத்து கிளாஸ்: எல்லோருக்கும் ஒரே மாதிரி, எல்லாம் ஒரே இடத்தில் கழுவுவது. அப்பாவின் மனசை மாற்றிய பிறகுதான் கிளாஸை மாற்றுவது என்று இருந்தால், பால் காய்ச்சும் முடிந்து பையன்கள் அடுத்த ஊருக்குப் போயிருப்பார்கள். அதற்குள் உங்கள் மகள் பாடத்தை முழுசாகப் படித்திருப்பாள்.

இந்த வெறுப்பு நம் வீடுகளில் கருத்தாக இருப்பதைவிட ஏற்பாடாகத்தான் அதிகம் இருக்கிறது. "வங்காளி என்றால் தாழ்ந்தவனா?" என்று உங்கள் அப்பாவைக் கேட்டுப் பாருங்கள். "சேச்சே, அப்படி யாரு சொன்னா?" என்பார். பொய் சொல்ல மாட்டார், அவர் உண்மையாகவே அப்படி நினைக்கவில்லை. ஆனால் அம்மா சாயாவைக் கையில் தராமல் திண்ணையில் வைத்துவிட்டு இரண்டு எட்டு பின்னால் போவதை மகள் பார்க்கிறாள். நம் டம்ளர் உள்ளே கழுவப்படுகிறது, அவர்கள் கிளாஸை அவர்களே வெளியில் கழுவிக் கவிழ்க்கிறார்கள். யாரும் அவளுக்கு ஒன்றும் சொல்லித் தரவில்லை. கண்ணால் கண்டதை வைத்து, இவர்கள் தொட்டால் ஏதோ ஒட்டும் என்று கணக்குப் போட்டிருக்கிறாள். கணக்கில் பிழை இல்லை, வீட்டில்தான் பிழை.

நாகர்கோவில் வடசேரியில் ஒரு சாயாக்கடையில் காலையில் நின்றால் இதையே பார்க்கலாம். உள்ளூர் ஆள் வந்தால் கண்ணாடி கிளாஸ். ஹிந்தி பேசுகிற ஆள் வந்தால், கேட்காமலே பேப்பர் கப். ஏன் என்று கடைக்காரரைக் கேட்டேன். "அவனுவ பாக்கு போடுவானுவ அண்ணாச்சி, கிளாஸெல்லாம் கறையாவும்" என்றார். அப்போது கல்லாப் பக்கத்தில் கண்ணாடி கிளாஸோடு நின்றவர், வாயில் இருந்த வெற்றிலையை ஓரமாக ஒதுக்கிக்கொண்டுதான் சாயா குடித்துக்கொண்டிருந்தார். கடைக்காரர் கெட்டவர் இல்லை. காசு குறைந்தால் அந்தப் பையன்களுக்கும் கடன் சொல்லிக் கொடுப்பவர்தான்.

சரி, இதையெல்லாம் இனவெறி என்று சொல்லலாமா? அப்பா இதைத்தான் முதலில் கேட்பார்: "அவனும் இந்தியன், நானும் இந்தியன், இதில எங்க வந்து இனம்?" ஐ.நா. 1965இல் ஏற்றுக்கொண்ட இனப்பாகுபாட்டுக்கு எதிரான உடன்படிக்கை, இனத்தோடு நிறம், வம்சாவளி, பூர்வீகம் எல்லாவற்றையும் சேர்த்தேதான் சொல்கிறது. இந்தியா 1968இல் அதில் சேர்ந்தது. 2014 ஜனவரியில் டெல்லி லஜ்பத் நகரில் அருணாச்சலப் பிரதேச மாணவர் நிடோ டானியம் ஒரு கடைக்கு வழி கேட்கப் போனவர், தலைமுடியையும் தோற்றத்தையும் கேலி செய்ததில் தொடங்கிய தகராறில் அடிபட்டு இறந்தார். அடித்தவர்களும் இந்தியர்கள்தான். அப்புறம் மத்திய அரசே வடகிழக்கு மக்கள் படும் பாடு பற்றி அறிக்கை தர பெஸ்பருவா குழுவை அமைத்தது. முகத்தையும் நிறத்தையும் ஊரையும் பார்த்த மாத்திரத்தில் ஒருவனின் குணம், சுத்தம், நேர்மை எல்லாம் தெரிந்துவிட்டதாக நினைத்தால் அது இனவெறிதான். வேறு சாதிக்காரனிடம் காட்டினால் சாதி வெறி. பழகும் கை ஒன்றுதான் என்பது என் எண்ணம். நம் வீடுகளில் இரண்டையும் ஒரே கிளாஸில்தான் பழகினோம்.

இனி உங்கள் அப்பா விஷயம். அவருக்கு இந்தப் பையன்கள் புதிதில்லை. இந்தப் பக்கம் செங்கல் சூளை, கட்டட வேலை, ஹோட்டல், மீன்பிடித் துறைமுகம் என்று எங்கே போனாலும் அவர்கள் இருக்கிறார்கள். திப்ருகரிலிருந்து கன்னியாகுமரிக்கு வரும் விவேக் எக்ஸ்பிரஸ் 2011 நவம்பரிலிருந்து ஓடுகிறது. நாட்டிலேயே நீளமான ரயில் தடம் அது. 4,100 கிலோமீட்டருக்கு மேல், மூன்று நாளைத் தாண்டிய பயணம். இத்தனை வருஷம் பார்த்தும் பழகியும் அப்பாவுக்கு ஏன் ஒன்றும் மாறவில்லை?

இதற்கு ஆராய்ச்சியில் நல்ல பதில் இருக்கிறது. கார்டன் ஆல்போர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954இல் சொன்னது: வேறு வேறு கூட்டத்து மக்கள் பழகினால் வெறுப்பு குறையும், ஆனால் சும்மா பழகினால் போதாது. இருவரும் சம நிலையில் நிற்க வேண்டும், இருவருக்கும் பொதுவாக ஒரு நோக்கம் வேண்டும், சேர்ந்து வேலை செய்ய வேண்டும், மேலே இருப்பவர்கள் அதை ஆதரிக்க வேண்டும். 2006இல் பெட்டிக்ரூவும் டிராப்பும் ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். பழக்கம் பொதுவாக வெறுப்பைக் குறைக்கிறது, இந்த நான்கும் இருந்தால் இன்னும் நன்றாகக் குறைக்கிறது என்று கண்டார்கள். உங்கள் அப்பாவின் பழக்கத்தில் சம நிலை எங்கே இருக்கிறது? அவர் மேலே நின்று "ஏய் பாய், மணல் எடு" என்கிறார், அவர்கள் கீழே நின்று எடுக்கிறார்கள். பத்து வருஷம் இப்படிப் பழகினால் பத்து வருஷத்து வெறுப்புதான் உறுதிப்படும். பெயர்கூடத் தெரியாது, காண்ட்ராக்டருக்கும் தெரியாது. "உயரமான பெங்காலி", "சின்ன பெங்காலி". அதில் ஒருவன் அஸ்ஸாமிக்காரன், அவனுக்கு வங்காள மொழியே பேச வராது.

அதனால் சம நிலை வருகிற ஒரு சந்தர்ப்பத்தை நீங்களே உண்டாக்க வேண்டும். நம் ஊரில் தானாகவே ஒன்று வரும்: கான்கிரீட் போடும் நாள். அன்றைக்கு எப்படியும் எல்லோருக்கும் சாப்பாடு உண்டு. வழக்கமாகப் பொட்டலம் வாங்கி அவர்களிடம் கொடுத்துவிட்டு நாம் உள்ளே வந்து சாப்பிடுவோம். இந்த முறை இலை போட்டு எல்லோரும் ஒரே வரிசையில் உட்காருங்கள். கொத்தனார், கையாள், வங்காளத்துப் பையன், அப்பா, நீங்கள், மகள். யாரும் சொற்பொழிவு ஆற்ற வேண்டாம். குழம்பு பரிமாறும்போது ஒருவன் ஊரில் என்ன மீன் கிடைக்கும் என்று கேட்டால் போதும். வங்காளத்துக்காரனிடம் மீனைப் பற்றிக் கேட்டுவிட்டால் அப்புறம் நீங்கள் பேச வேண்டிய அவசியமே இருக்காது. உங்கள் அப்பாவும் மீன் விஷயத்தில் கருத்து இல்லாதவராக இருக்க மாட்டார்.

சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவது இந்த மண்ணில் சாதாரண காரியமாக இருந்ததில்லை. அய்யா வைகுண்டர் (1809–1851) சாமித்தோப்பில் எல்லாச் சாதியினரையும் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுக்கவும் ஒரே பந்தியில் உண்ணவும் வைத்தார். அன்றைய திருவிதாங்கூர் அரசுக்கு ஆகாதவரானார். திருவனந்தபுரம் சிங்காரத்தோப்பில் சிறை வைத்தார்கள். முத்திரிக் கிணறு என்ற அந்தக் கிணறு இன்றும் இருக்கிறது.

நீங்கள் எந்தச் சமுதாயம் என்று எழுதவில்லை. நல்லது, எழுத வேண்டாம். இந்த மாவட்டத்தில் எதுவாக இருந்தாலும் அவமானப்பட்ட கதை ஒன்று அநேகமாக இருக்கும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென் திருவிதாங்கூரில் சாணார் என்று அழைக்கப்பட்ட நாடார்கள் குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது, தங்க நகை அணியக் கூடாது, மாடி வீடு கட்டக் கூடாது. பெண்கள் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைக்கக் கூடாது, மார்பை மூடக் கூடாது. தோள்சீலைக் கலவரம் என்று நாம் பள்ளியில் படித்தது அதன் நடுவில் நடந்ததுதான். அரை நூற்றாண்டு நீண்டது. மார்பை மூடலாம் என்று 1859 ஜூலை 26 அன்று வந்த அரசாணைகூட, மேல்சாதிப் பெண்களைப் போல அணியக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் வந்தது. புலையர், பறையர் நிலைமை இன்னும் மோசம். அவர்களை விற்கவும் வாங்கவும் முடிந்தது. திருவிதாங்கூரில் அடிமை முறை 1855இல்தான் ஒழிந்தது. சுசீந்திரம் கோயிலைச் சுற்றியிருக்கும் தெருவில் நடக்க 1926இல் சத்தியாக்கிரகம் நடத்த வேண்டியிருந்தது.

இனம் என்ற அளவுகோலை நம்மீதும் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். மிஷனரி ராபர்ட் கால்டுவெல் 1849இல் திருநெல்வேலிச் சாணார்களைப் பற்றி எழுதிய சிறு நூலில், அவர்கள் மந்த புத்தி உள்ளவர்கள், நாகரிகத்தில் பின்தங்கியவர்கள் என்ற தொனியில் எழுதினார். அவர் கெட்ட எண்ணத்தோடு எழுதியதாகவும் தெரியவில்லை, அந்த மக்களுக்காகவே வாழ்நாள் முழுக்க உழைத்தவர். பின்னால் அதே சமுதாயத்தில் படித்து வந்தவர்கள் அந்த நூலுக்கு எதிராகக் கொதித்து எழுந்தார்கள். இன்று நம் வீட்டு முற்றத்தில் அஸ்ஸாம் பையனைப் பற்றிச் சொல்வதைக் கேளுங்கள்: "மூளை கம்மி, சொன்னத மட்டும் செய்வான்." ஆள்தான் வேறு, வசனம் அதேதான். பாஷை தெரியாத ஊரில் நாம் வேலை செய்தால் நாமும் சொன்னதை மட்டும்தான் செய்வோம் என்பது யாருக்கும் தோன்றுவதில்லை.

இந்த வரலாற்றை அப்பாவிடம் எடுத்துப் பேசலாம், ஆனால் ஜாக்கிரதை. வரலாற்றைக் குச்சியாக எடுத்தால் அடிதான் திரும்பி வரும். "நம்மளையும் இப்படித்தான நடத்தினானுவ" என்றால், "நாங்க உழைச்சு மேல வந்தோம், அவனும் உழைச்சு வரட்டு" என்பார். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நாம் எல்லோரும் கதையை மேல் நோக்கியே சொல்கிறோம்: நமக்கு மேலே இருந்தவன் நமக்கு என்ன செய்தான் என்று. நமக்குக் கீழே என்று வைத்திருந்தவர்களுக்கு நம் வீட்டுத் திண்ணை எவ்வளவு தூரம் என்பதைச் சொல்வதில்லை. தென் திருவிதாங்கூரில் சீர்திருத்தக் கிறிஸ்தவம் (புராட்டஸ்டண்ட்) வேர் விட்டதே மயிலாடியைச் சேர்ந்த மகராசன் வேதமாணிக்கம் தஞ்சாவூர் போய்த் திரும்பியதால்தான். அவர் அழைத்து 1806இல் ரிங்கல்தௌபே என்ற ஜெர்மன் மிஷனரி வந்தார். வேதமாணிக்கம் பறையர் சமுதாயத்தவர். அவர் தொடங்கிவைத்த சபைகளிலேயே பின்னால் வந்தவர்கள் பெண் எடுக்கவும் கொடுக்கவும் சாதி பார்த்தார்கள், பார்க்கிறார்கள். அவமானப்பட்டவன் அடுத்தவனை அவமானப்படுத்த மாட்டான் என்பது ஆசைதான். இந்த மாவட்டத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

அப்போது எப்படித்தான் பேசுவது? கேள்வி கேளுங்கள், வாதம் வேண்டாம். கல்லா, புரூக்மேன் என்ற இரண்டு அமெரிக்க அரசியல் ஆய்வாளர்கள், வெளிநாட்டிலிருந்து ஆவணமில்லாமல் வந்த குடியேறிகள் மீதுள்ள வெறுப்பு பற்றி 2020இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வீட்டுக் கதவைத் தட்டி வாதங்களை மட்டும் எடுத்துவைத்தபோது ஒன்றும் நடக்கவில்லை. எதிரில் இருப்பவரைக் குறை சொல்லாமல், அவருடைய சொந்த அனுபவத்தைக் கேட்டு, தங்கள் அனுபவத்தையும் சொன்னபோது மாற்றம் வந்தது. பெரிய மாற்றம் இல்லை, ஆனால் மாதக்கணக்கில் நின்றது. நம் வீட்டுப் பெரியவர்களுக்கும் இது பொருந்தும் என்பது என் அனுபவம், ஏனென்றால் அவர்களில் பாதிப் பேர் ஒருகாலத்தில் எங்கோ போய் வெளியாளாக இருந்தவர்கள். ரப்பர் பால் வெட்ட மலையாளப் பக்கம் போனவர்கள், பம்பாயில் ஹோட்டலில் நின்றவர்கள், வளைகுடாவில் கேம்பில் படுத்தவர்கள்.

இரவு சாப்பாடு முடிந்து அப்பா வெளியே காற்றாட உட்காரும் நேரம் நல்லது. "அப்பா, நீங்க மொத மொத வெளியூருக்கு வேலைக்குப் போனப்போ எங்க படுத்தீங்க?" என்று மட்டும் கேளுங்கள். அவர் சொல்வார். "யாருக்க வீட்டுலயாவது சாப்பாடு தந்தாங்களா?" அதையும் சொல்வார். அநேகமாக யாரோ ஒருவர் மோசமாக நடத்தியதும், யாரோ ஒருவர் நல்லபடியாக நடத்தியதும் வரும். பெயரோடு வரும். நாற்பது வருஷமானாலும் அந்தப் பெயர் மறக்காது. கேட்டுவிட்டு நீங்கள் பெங்களூரில் பட்டதைச் சொல்லுங்கள். "மதராசி" என்றோ நிறத்தைச் சொல்லியோ யாராவது பேசியிருப்பார்கள். அங்கேயே நிறுத்துங்கள். "அதே மாதிரிதான் நம்ம வீட்டிலயும்..." என்று முடிவுரை எழுதிவிடாதீர்கள். எழுதினால் அவர் தன் கதையைத் திரும்ப எடுத்துக்கொள்வார், அடுத்த முறை சொல்லவும் மாட்டார். அவருக்குக் கணக்குத் தெரியும், கூட்டிப் பார்க்க அவகாசம் கொடுங்கள்.

கிளாஸை எடுத்துவிட்டீர்கள் என்பதற்காக முதல் நாள் சத்தம் வரும். "அவனுவளுக்கு எதுக்கு மக்களே நம்ம கிளாஸ்?" என்பார். "எல்லாம் ஒரே சோப்புலதான கழுவுது அப்பா" என்று சொல்லிவிட்டு வேலையைப் பாருங்கள். நோய் வரும் என்றால், வரும் வழி அழுக்குத் தண்ணீர். அதனால்தான் கக்கூஸும் சோப்பும் வேண்டும் என்று சொல்லுங்கள். ரப்பர் விளையில் மழை பெய்தால் அது எங்கே ஓடி வரும் என்று அவருக்கே தெரியும்.

அம்மாவை விட்டுவிடாதீர்கள். இந்த ஏற்பாடுகள் பெரும்பாலும் அப்பாவின் பெயரில் அம்மா கையால் நடப்பவை. அடுக்களையில் அவர் மாற்றிவிட்டால் அப்பாவுக்குத் தெரிவதற்கே ஒரு வாரம் ஆகும்.

தம்பிக்கு வருவோம். அவனிடம் குழுவில் பேசாதீர்கள். சித்தப்பா, மாமா, மச்சான் எல்லோரும் பார்க்கும் இடத்தில் கண்டித்தால் அவன் மானத்துக்காகவே இன்னும் இரண்டு வீடியோ போடுவான். தனியாக போன் செய்யுங்கள். அவனுக்கு நிறத்தையும் பாஸ்போர்ட்டையும் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வளைகுடாவில் ஒரே வேலைக்கு எந்த நாட்டுக்காரனுக்கு எவ்வளவு சம்பளம் என்பதை அவன் உங்களைவிட நன்றாக அறிவான். தன்னை மேலே இருப்பவன் எப்படிக் கூப்பிடுகிறான் என்பதும் தெரியும். ஆப்பிரிக்கனைக் கேலி செய்வது, அந்தப் படிக்கட்டில் தனக்குக் கீழேயும் ஒருவன் உண்டு என்று காட்டிக்கொள்ளத்தான்.

2016 மே மாதம் டெல்லியில் காங்கோ நாட்டு இளைஞர் ஒருவர் ஆட்டோ பிடிப்பதில் வந்த தகராறில் அடித்துக் கொல்லப்பட்டார். 2017 மார்ச்சில் கிரேட்டர் நொய்டாவில் நைஜீரிய மாணவர்களைக் கூட்டமாகத் தாக்கினார்கள். அதைப் பற்றிய தொலைக்காட்சி விவாதத்தில் முன்னாள் எம்.பி. ஒருவர், நாங்கள் இனவெறியர்கள் என்றால் தென்னிந்தியர்களோடு எப்படி வாழ்வோம், எங்களைச் சுற்றியும் கறுப்பர்கள் இருக்கிறார்களே என்ற பொருளில் பேசிவைத்தார். தமிழ்நாடே கொதித்தது, உங்கள் தம்பியும் ஏதாவது மீம் போட்டிருப்பான். அந்த நாளை நினைவுபடுத்துங்கள். நைஜீரியக்காரனை அடித்தவனும் நம்மைக் கறுப்பர் என்றவனும் ஒரே கண்ணாடியைத்தான் போட்டிருக்கிறார்கள்.

நம் வீட்டிலும் அந்தக் கண்ணாடி உண்டு. மாசமாக இருக்கும் பெண்ணுக்குக் குங்குமப்பூ வாங்கி வரச் சொல்வது குழந்தை சிவப்பாகப் பிறக்கத்தான். சுருட்டை முடியோடு பிறந்தால் "காப்பிரி முடி" என்பார்கள், காப்பிரி என்றால் ஆப்பிரிக்கன். பெண் பார்க்கப் போய்விட்டு வந்து "நல்ல குணம், ஆனா கொஞ்சம் நிறம் கம்மி" என்பார்கள், குணத்துக்கு அடுத்து வரும் அந்த "ஆனா" வழியாகத்தான் எல்லாம் போகும். ஃபேர் அண்ட் லவ்லி 1975இல் வந்து 2020இல் பெயரை மாற்றிக்கொண்டது. குங்குமப்பூவுக்கு இன்னும் அந்தச் சங்கடம் வரவில்லை.

இனி நீங்கள். சிரித்தது பற்றி ரொம்ப வருத்தப்பட்டிருக்கிறீர்கள், அதில் நேரத்தைச் செலவிட வேண்டாம். பட்ரீஷியா டிவைன் என்ற உளவியலாளர் 1989இல் காட்டியது இது: சமூகம் சொல்லிக்கொடுத்த பிம்பம், அதை நம்புகிறவனுக்கும் நம்பாதவனுக்கும் தானாகவே மனதில் எழும். வித்தியாசம் அதற்கு அடுத்த நொடியில், நாம் யோசித்துச் செய்வதில்தான். சாந்துக் கறையோடு பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்காருபவனைப் பார்த்துக் கைப்பையை இழுத்துக்கொள்கிறீர்கள் என்றால், கை தானாகப் போனது பழக்கம். போன கையைத் திரும்பக் கொண்டுவருவது உங்கள் வேலை. கொண்டுவந்தால் போதும்.

"இனி அப்படி நினைக்கவே கூடாது" என்று மனதைப் பூட்டுவது பலிக்காது. 1994இல் பிரிட்டனில் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு மொட்டைத்தலை ரவுடிக் கும்பல் இளைஞனின் படத்தைக் காட்டி அவனுடைய ஒரு நாளைப் பற்றி எழுதச் சொன்னார்கள். சிலரிடம் மட்டும், பொதுவான பிம்பத்தை வைத்து எழுதாதீர்கள் என்றார்கள். அவர்கள் ஒழுங்காகத்தான் எழுதினார்கள். அப்புறம், அவன் இப்போது வருவான் என்று சொல்லி ஓர் அறையில் உட்காரச் சொன்னபோது, அவனுடைய சாமான் இருந்த நாற்காலிக்கு அதிகம் தள்ளிப் போய் உட்கார்ந்தவர்கள் அவர்களே. நினைப்பை அடக்கினால் அது காலுக்கு இறங்கிவிடுகிறது. இன்னின்னாரிடமிருந்து இத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று ஒருகாலத்தில் கணக்கு வைத்திருந்த ஊர் நம்முடையது. நாற்காலியைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அடக்குவதைவிட விவரம் சேர்ப்பது நல்ல வழி. பெயர் என்ன, எந்த மாவட்டம், வீட்டில் யார் இருக்கிறார்கள், ஏன் இத்தனை தூரம் வந்தான். "பெங்காலி" என்ற பிம்பம், முர்ஷிதாபாத்தில் தங்கைக்குக் கல்யாணம் வைத்திருக்கிற ஒரு பையனாக மாறிவிட்டால் அப்புறம் அதைத் தூக்கி எறிவது உங்களுக்கே கஷ்டமாகிவிடும். உங்கள் ஹிந்தி மோசமாக இருந்தால் இன்னும் நல்லது. ஒரு தடவையாவது அவன் உங்களைத் திருத்துவான்.

மகளிடம் "அப்படிச் சொல்லக் கூடாது" என்று வாயை மூடாதீர்கள். பிறந்த குழந்தை எந்த இனத்து முகத்தையும் ஒரே மாதிரிதான் பார்க்கிறது. மூன்று மாதத்துக்குள் தான் அதிகம் பார்க்கும் முகங்களின் பக்கம் சாயத் தொடங்கிவிடுகிறது என்று 2005இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. பார்க்காததுதான் காரணம். அவளுக்கு அழுக்கு என்று பட்டது சிமென்ட். "சிமென்ட் வேலை செஞ்சா உனக்க தாத்தா கையிலயும் ஒட்டும், கழுவினா போயிரும்" என்று சொல்லுங்கள், முடிந்தால் தாத்தாவைவிட்டே சொல்லவையுங்கள். பிறகு அவள் கையாலேயே சாயாவுக்குப் பிஸ்கட் கொடுக்கட்டும். கண்ணோ முகமோ ஏன் வேறு மாதிரி இருக்கிறது என்று கேட்டால் நேராகப் பதில் சொல்லுங்கள்: அவங்க ஊரில் எல்லோருக்கும் அப்படி, நம்ம ஊரில் இப்படி. சத்தம் குறைத்து, பதறி, பேச்சை மாற்றினால் குழந்தைக்கு இதில் ஏதோ வெட்கப்பட வேண்டியது இருக்கிறது என்றே படும்.

வாட்ஸ்ஆப்பில் வரும் வதந்திக்கு மட்டும் பொறுமை காட்டாதீர்கள். 2018 மே மாதம், வடநாட்டிலிருந்து குழந்தை கடத்தும் கும்பல் வந்திருக்கிறது என்ற செய்தி தமிழ்நாடு முழுக்கச் சுற்றியது. திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வம் கும்பிட வந்த சென்னைப் பாட்டி ஒருவர், குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததற்காக அடித்துக் கொல்லப்பட்டார். அவர் தமிழர். 2023 மார்ச்சில் பொய் எதிர்த் திசையில் ஓடியது: தமிழ்நாட்டில் பீகாரிகளைக் கொல்கிறார்கள் என்று போலி வீடியோக்கள் பரவி, பலர் வேலையை விட்டுவிட்டு ரயில் ஏறினார்கள். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்துவிட்டுப் போக வேண்டியிருந்தது. 1982இல் மண்டைக்காட்டில் நடந்த மதக் கலவரத்தை நேரில் பார்த்த பெரியவர்கள் உங்கள் குழுவிலேயே இருப்பார்கள். வதந்தி வந்தால் குழுவிலேயே, உடனே, "இது பொய்" என்று எழுதுங்கள். மரியாதையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கிளாஸுக்கு வருவதைவிடப் பெரிய எதிர்ப்பு இதற்குத்தான் வரும். அதே வேலைக்கு உள்ளூர்க் கையாளுக்கு என்ன கூலி, அந்தப் பையன்களுக்கு என்ன கூலி என்று காண்ட்ராக்டரைக் கேளுங்கள். ஒப்பந்தக்காரர் மூலம் வேறு மாநிலத்திலிருந்து வருபவருக்கு, அதே வேலை செய்யும் உள்ளூர்த் தொழிலாளியைவிடக் குறைத்துக் கொடுக்கக் கூடாது என்று 1979ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கு இடையிலான புலம்பெயர் தொழிலாளர் சட்டமே சொன்னது. ஆனாலும் குறைத்துத்தான் கொடுக்கிறார்கள், நடுவில் ஆளைக் கூட்டி வந்தவனும் ஒரு பங்கு எடுப்பான். "அவனுக்கு அது போதும், அவன் ஊர்ல இதுவும் கிடைக்காது" என்று காண்ட்ராக்டர் சொல்வார், அப்பாவும் தலையாட்டுவார். அந்தப் பையனுக்கு எது போதும் என்று இவர்களே முடிவு செய்வதால்தான் உங்கள் மாடி மலிவாக முடிகிறது. கொடுப்பது உங்கள் பணம், கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பாக்கி இல்லாமல் வாரக் கூலி நேராகப் பையன்கள் கையில் போகிறதா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். சனிக்கிழமை சாயங்காலம் கூலி கொடுக்கும் நேரத்தில் நீங்களும் அங்கே நின்றால் கேட்க வசதியாக இருக்கும்.